நிறம் தெரிந்தது, நேரம் தெரியவில்லை: வெள்ள அபாய வரைபடத்தைப் படிப்பது எப்படி?

ஜப்பானில் ஒகயாமா மாகாணத்தின் குராஷிகி நகரத்தைச் சேர்ந்த பகுதி மாபி. 2018 ஜூலை 6ஆம் தேதி இரவும் மறுநாளும் அங்கே ஆற்றங்கரைகள் எட்டு இடங்களில் உடைந்தன. ஏறத்தாழ 1,200 ஹெக்டேர் நிலம் தண்ணீருக்குள் போனது. சில இடங்களில் ஆழம் ஐந்து மீட்டரைத் தாண்டியது. தரைத்தளம் முழுவதும் மூழ்கி, முதல் மாடியிலும் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் அளவு அது. மாபியில் மட்டும் 51 பேர் இறந்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு, வெள்ளம் நின்ற பரப்பையும் மாநகராட்சி முன்பே அச்சிட்டு வீடுகளுக்குக் கொடுத்திருந்த வெள்ள அபாய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தின.

வரைபடம் தப்பாகிப் போன ஊரில் உயிர்ச்சேதம் நேர்ந்தால் காரணம் எளிதில் புரியும். வரைபடம் இவ்வளவு சரியாக இருந்த ஊரில் ஏன் 51 பேர்? இதற்குப் பதில் தேடினால், இப்படிப்பட்ட வரைபடம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது விளங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாட்ஸ்அப்பில் வண்ண வண்ண வரைபடங்கள் சுற்றும்போது, அதைப் பெரிதாக்கி நம் தெருவைத் தேடுகிற எல்லோருக்கும் தேவைப்படும் விஷயம் இது.

மழைக்காலத்தில் கைக்கு வருவது எந்த வரைபடம்?

மூன்று வகை வரைபடங்கள் ஒன்றாகக் கலந்து சுற்றுகின்றன. குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

1. அபாய வரைபடம். இன்ன அளவு மழை பெய்தால், கரை உடைந்தால், தண்ணீர் எங்கெல்லாம் வரலாம், எவ்வளவு ஆழம் நிற்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுவது. இது இனி நடக்கக்கூடியதைப் பற்றியது. மழை இல்லாத மாசி மாதத்திலும் அது சுவரில் தொங்கலாம், தொங்க வேண்டும்.

2. பாதிப்பு வரைபடம். ஏற்கெனவே தண்ணீர் நின்ற இடத்தைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்துக் காட்டுவது. இஸ்ரோவின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசியத் தொலையுணர்வு மையம் அசாம், பீகார் போன்ற மாநிலங்களுக்கு வெளியிட்ட வெள்ள வரைபடத் தொகுப்புகள் 1998 முதலான செயற்கைக்கோள் படங்களை அடுக்கிவைத்துச் செய்தவை. எந்த ஊரில் எத்தனை முறை தண்ணீர் நின்றது என்பதை அவை காட்டும். ஆனால் செயற்கைக்கோள் கடந்துபோன நேரத்தில் நின்ற தண்ணீர்தான் படத்தில் விழும். நள்ளிரவில் ஏறி விடியும்முன் வடிந்த வெள்ளம் அதில் இல்லாமலே போகலாம்.

3. முன்னறிவிப்பு வரைபடம். இன்றைய மழை, இன்றைய ஏரி மட்டம், இன்றைய கடல் ஏற்றம் ஆகியவற்றை வைத்து நாளைக்கு எங்கே தண்ணீர் நிற்கும் என்று சொல்வது.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது. வீடு வாங்கும்போதும், அவசரத்துக்கு எந்த வழியாக, எங்கே போவது என்று திட்டமிடும்போதும் கைகொடுப்பது அதுதான்.

வரைபடம் உருவாகும் விதம்

முதல் தேவை நிலத்தின் மேடுபள்ளம். விமானத்திலிருந்து லேசர் கதிரைத் தரைக்கு அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து உயரத்தை அளக்கிறார்கள். சமவெளியில் அரை மீட்டர் வித்தியாசம்கூட ஒரு தெருவைக் காப்பாற்றும், அடுத்த தெருவை மூழ்கடிக்கும் என்பதால் இந்தத் துல்லியம் முக்கியம். அப்புறம் ஆற்றின் அகலம், ஆழம், கரையின் உயரம், குறுக்கே நிற்கும் பாலங்கள். இவற்றோடு 'இவ்வளவு மழை' என்று ஓர் அளவை எடுத்துக்கொண்டு, கணினிக்குள் ஆற்றை நிரப்பிப் பார்க்கிறார்கள். கரை இங்கே உடைந்தால் தண்ணீர் எங்கே போகும், ஒரு கிலோமீட்டர் தள்ளி உடைந்தால் எங்கே போகும் என்று பல இடங்களில் உடைத்துப் பார்க்கிறார்கள். ஓர் இடத்துக்கு எந்தக் கணக்கில் அதிக ஆழம் வருகிறதோ, அந்த ஆழமே அங்கே நிறமாகிறது.

அதாவது, நாம் பார்ப்பது ஒரே ஒரு வெள்ளத்தின் படம் இல்லை. பல வெள்ளங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த படம். ஊர் முழுவதும் நிறம் பூசியிருந்தால் ஒரே இரவில் ஊர் முழுவதும் மூழ்கும் என்று பொருளில்லை. அதேபோல, "போன வெள்ளத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீரே வரவில்லை, வரைபடம் தப்பு" என்று சொல்வதும் சரியில்லை. போனமுறை கரை வேறெங்கோ உடைந்திருக்கும். எவ்வளவோ பேர் இந்த ஒரு நினைப்பில்தான் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, 'நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்ற தொடர். இதைப்போல ஆளை ஏமாற்றும் தொடர் இந்தத் துறையில் வேறில்லை. ஒருமுறை வந்துவிட்டால் இன்னும் நூறு வருடம் கவலையில்லை என்று காதில் விழுகிறது. உண்மையில் அதன் பொருள், எந்த ஆண்டை எடுத்தாலும் அப்படி ஒரு வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே. முப்பது வருடக் கடனில் வீடு வாங்கும் ஒருவர் அந்தக் கடனை அடைத்து முடிப்பதற்குள் அதைச் சந்திக்க 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நான்கில் ஒன்று.

மாபியின் வரைபடம் இப்படி நூறாண்டுக்கு ஒருமுறை என்ற அளவை வைத்து வரைந்ததுதான்: இரண்டு நாளில் 225 மில்லிமீட்டர் மழை. நம் கடற்கரை மாவட்டங்களில் ஒரே நாளில் பார்த்துவிடும் மழை இது. ஆனால் ஒகயாமா மழை குறைந்த மாகாணம். தன்னை 'வெயில் நாடு' என்று சொல்லிப் பெருமைப்படும் ஊர். பழகிய மழையை வைத்துத்தான் ஓர் ஊர் தன் கரைகளைக் கட்டுகிறது, தன் பயத்தின் அளவையும் வைத்துக்கொள்கிறது.

ஆழத்தை உடம்பால் அளப்பது

ஜப்பானிய வரைபடங்களில் வெளிர் மஞ்சளில் தொடங்கி அடர் சிவப்பு, ஊதா வரை ஆழம் கூடிக்கொண்டே போகும். மீட்டர் கணக்கு மனதில் பதியாது. உடம்பை வைத்தும் வீட்டை வைத்தும் சொன்னால் பதியும்.

அரை மீட்டர் என்பது முழங்காலுக்குச் சற்று மேல். நின்ற தண்ணீரில் நடக்கலாம் என்று தோன்றும். ஓடும் தண்ணீரில் அந்த ஆழம் வளர்ந்த ஆளையே தள்ளிவிடும்; கலங்கிய நீரில் திறந்த சாக்கடையும் தெரியாது. அரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை என்றால் தரைத்தளத்தில் இருப்பவருக்கு வீடு உதவாது. மூன்றிலிருந்து ஐந்து என்றால் முதல் மாடியும் பத்திரமில்லை. அதற்கு மேல் எந்த நிறமாக இருந்தாலும் ஒரு மாடி வீட்டில் இருப்பவர் கிளம்பியே ஆக வேண்டும்.

வீட்டிலேயே மாடியில் இருந்துகொள்ளலாமா, வெளியேற வேண்டுமா என்று முடிவெடுக்க ஜப்பானிய அரசு மக்களிடம் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. மூன்றுக்கும் விடை வரைபடத்திலேயே கிடைக்கும்:

1. கரை உடைந்தாலோ அரித்தாலோ வீடே அடித்துக்கொண்டு போகக்கூடிய பட்டைக்குள் வீடு இருக்கிறதா? (ஆற்றை ஒட்டி இதைத் தனிக் குறியீடாகக் காட்டுவார்கள்.) இருந்தால் எத்தனை மாடி இருந்தாலும் பயனில்லை.

2. நாம் தங்கப்போகும் தளம், காட்டிய ஆழத்தைவிட உயரமா?

3. தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆகும், அத்தனை நாளுக்குக் குடிநீர், உணவு, மருந்து கைவசம் இருக்குமா?

மூன்றாவது கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதே இல்லை. மாடியில் உயிரோடு இருப்பது வேறு. டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவர் நான்கு நாள் மாடியில் இருப்பது வேறு.

மாபியில் அந்த இரவு

இப்போது மாபிக்குத் திரும்பலாம். மாபியின் நடுவே ஓடுவது ஒதா ஆறு. அது பெரிய ஆறான தகஹாஷியில் போய்ச் சேரும் துணையாறு. பெரிய ஆறு நிரம்பி உயர்ந்து ஓடும்போது துணையாற்றுத் தண்ணீர் உள்ளே நுழைய முடியாமல் பின்னோக்கி ஏறும். ஒதா ஏறியதும் அதில் வந்து சேரும் சிற்றாறுகளும் அதேபோல் பின்னோக்கி ஏறின. கரைகள் தாங்கவில்லை. இந்த ஆபத்து தெரியாத ஒன்றும் இல்லை. ஆறு சேரும் இடத்தையே 4.6 கிலோமீட்டர் கீழே நகர்த்தும் வேலை அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்குவதாக இருந்தது.

இனி நேரத்தைக் கவனியுங்கள். 6ஆம் தேதி இரவு 10 மணிக்கு மாபி முழுவதற்கும் வெளியேறும்படி அறிவுரை வந்தது. 11:45க்கு ஒதா ஆற்றின் தென்கரைக்கு உத்தரவு. வடகரைக்கு உத்தரவு வந்தது நள்ளிரவு தாண்டி 1:30 மணிக்கு. ஒதாவின் கரை உடைந்தது 1:34 மணிக்கு உறுதியானது. இடையே நான்கு நிமிடம். கொட்டும் மழை, இருட்டு, தூக்கக் கலக்கம்.

இறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் 65 வயதைக் கடந்தவர்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோரின் உடல் தரைத்தளத்தில் கிடைத்தது. அவர்களில் பலரது வீட்டுக்கு மாடி இருந்தது. ஏற முடியவில்லை, அல்லது ஏறுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. வரைபடம் ஆழத்தைச் சரியாகச் சொன்னது. மூட்டுவலியோடு படிக்கட்டு ஏற எத்தனை நிமிடம் ஆகும் என்பது அதில் இல்லை.

வெள்ளத்துக்குப் பிறகு ஹியோகோ மாகாணப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் பாதிக்கப்பட்டவர்களிடம் விசாரித்தார். வரைபடம் ஒன்று இருப்பது தெரியும் என்றவர்கள் 75 சதவீதம். அதில் இருப்பது புரிந்திருந்தது என்றவர்கள் 24 சதவீதம். வீட்டுக்கு வந்த வரைபடம் எத்தனை வீடுகளில் மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடந்தது என்பது இந்த இடைவெளியில் தெரிகிறது.

பக்கத்து நகரமான சோஜாவில் ஷிமோபரா என்ற குடியிருப்பு. அதுவும் மூழ்கியது. அங்கே வெள்ளத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. அந்த இரவு 11:35 மணிக்கு அருகிலிருந்த அலுமினியத் தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்து உலை வெடித்தது. கண்ணாடிகள் சிதறின, வீடுகள் தீப்பிடித்தன. ஊர்க்காரர்களே நடத்திவந்த பேரிடர்க் குழு, இன்னொரு வெடிப்பும் வெள்ளமும் வரலாம் என்று கருதி, வீடு வீடாகப் போய் எல்லோரையும் கிளப்பியது. வெடிப்பு ஊரை எழுப்பியது உண்மைதான். ஆனால் யார் எந்த வீட்டில் இருக்கிறார், யாருக்குக் கை கொடுக்க வேண்டும், எந்த வழியாகப் போவது என்பதெல்லாம் குழுவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பல ஆண்டுகளாக அவர்கள் வெளியேறும் பயிற்சி நடத்திவந்தார்கள். இரண்டு ஊருக்கும் ஒரே ஆறு, ஒரே இரவு. அந்தப் பயிற்சிதான் வித்தியாசம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இது வீடுகளுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 2019 அக்டோபரில் நாகனோ நகரில் சிகுமா ஆற்றின் கரை உடைந்தபோது, அதிவேக ரயில் பணிமனையில் நின்ற 10 ரயில்கள், 120 பெட்டிகள் தண்ணீரில் நின்றன. அந்த இடத்துக்கு வரைபடம் காட்டியிருந்த ஆழம் 10 மீட்டருக்கும் மேல். எப்போது, எந்த மட்டத்தில் ரயில்களை மேட்டுக்கு நகர்த்துவது என்று முன்பே முடிவாகாததுதான் குறை.

வரைபடத்தோடு நேரத்தைச் சேர்ப்பது

2015 செப்டம்பரில் ஜோசோ நகரில் கினு ஆறு உடைந்து, ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர் மூழ்கியது. நகராட்சி அலுவலகத்துக்கே தண்ணீர் வந்தது. ஹெலிகாப்டரிலும் படகிலுமாக 4,000க்கும் மேற்பட்டோரை மீட்க வேண்டியதாயிற்று. அந்த அனுபவத்திலிருந்து அந்தப் பகுதியில் பிறந்ததுதான் 'என் நேர அட்டவணை' என்ற முறை. குடும்பத்தோடு உட்கார்ந்து, வரைபடத்தில் வீட்டைக் கண்டுபிடித்து, வெள்ளம் வருவதற்கு மூன்று நாள் முன்பிருந்து என்னென்ன செய்வது என்று ஒரே தாளில் எழுதுவது. பள்ளிகளிலும் இதைச் செய்யவைக்கிறார்கள்.

2019இல் ஜப்பான் எச்சரிக்கைகளை ஐந்து நிலைகளாகப் பிரித்தது. 2021இல் 'அறிவுரை', 'உத்தரவு' என்று இரண்டாக இருந்ததை ஒரே உத்தரவாக்கியது. இரண்டுக்கும் வித்தியாசம் மக்களுக்குப் புரியவில்லை என்பதே காரணம். இப்போது மூன்றாம் நிலையில் முதியோரும் நடமாட முடியாதோரும் கிளம்ப வேண்டும். நான்காம் நிலையில் அபாயப் பகுதியில் உள்ள எல்லோரும். ஐந்தாம் நிலை வந்தால் நேரம் கடந்துவிட்டது, இருக்கும் இடத்திலேயே உயிரைக் காத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். முதியோருக்குத் தனி நேரம் ஒதுக்கியதுதான் இதில் மிகப் பெரிய விஷயம்.

நிறமே இல்லாத இடம்

வரைபடத்தை நம்பி ஏமாறும் வழியும் உண்டு. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலையின்போது கமாயிஷி நகரின் உனோசுமாய் பகுதியில் இரண்டு பள்ளிகள், அலை வரும் என்று வரைபடம் காட்டிய எல்லைக்கு வெளியே இருந்தன. பேராசிரியர் தோஷிதகா கதாதா அந்த நகரின் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், 'கணித்து வைத்த எல்லையை நம்பிக் கட்டுண்டு கிடக்காதே' என்பது. மாணவர்கள் ஓடினார்கள், முதலில் சேர்ந்த இடத்தில் நிற்காமல் இன்னும் மேலே ஓடினார்கள். பள்ளிகளை அலை மூடியது. அன்று அந்த இரு பள்ளிகளிலும் இருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள்.

ஆகவே நிறம் இருந்தால் தயாராகுங்கள். நிறம் இல்லாவிட்டால், எந்த அளவு மழைக்கு அப்படி என்று கேளுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த அளவை வைத்து வரைந்த வரைபடம் எந்த ஊரிலும் எளிதில் கிடைக்காது.

சென்னையும் 'கன அடி'யும்

2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். தாம்பரத்தில் அன்று 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றுக்குச் செம்பரம்பாக்கம் மட்டும் தண்ணீர் தரவில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் அதில்தான் வந்து விழுந்தது. எது எவ்வளவு என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே வகைப்படுத்தியது.

இங்கே சொல்ல வேண்டியது வேறு. 'இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்' என்ற அறிவிப்பைக் கேட்ட ஈக்காட்டுத்தாங்கல்காரருக்கோ கோட்டூர்புரத்துக்காரருக்கோ, அவர் 'கரையோரமா' இல்லையா என்று எப்படித் தெரியும்? 29,000 கன அடி என்றால் அவர் வாசலில் கணுக்காலா, கழுத்தா? அந்த எண்ணை ஆழமாக மாற்றித்தருவதுதான் வரைபடத்தின் வேலை.

2015க்குப் பிறகு சென்னைக்கு இந்தத் திசையில் வேலை நடந்திருக்கிறது. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2019இல் தொடங்கிவைத்த 'சி-ஃப்ளோஸ்' அமைப்பு, மழை, ஏரித் திறப்பு, கடல் ஏற்றம் மூன்றையும் சேர்த்து ஏறத்தாழ 800 சூழல்களுக்கு வார்டு வாரியாக எங்கே எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறது. கடலையும் சேர்த்தது சரி. அடையாற்று முகத்துவாரத்தில் கடல் ஏறி நின்றால் ஆறு வடியாது. மாபியில் பெரிய ஆறு செய்ததை இங்கே கடல் செய்கிறது.

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 ஒவ்வோர் அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் வேண்டும் என்கிறது. அதில் தண்ணீர் பரவும் வரைபடம் முக்கியப் பகுதி. ஆனால் அலுவலகக் கணினிக்குள் இருக்கும் வரைபடம் தெருவுக்கு வர வேண்டுமே. நிலத்தின் விலை விழும் என்ற பயம் இங்கே பெரிய தடை. ஜப்பானில் 2020 ஆகஸ்ட் முதல், வீடு விற்பவரோ வாடகைக்கு விடுபவரோ சார்பாகப் பேசும் தரகர், அந்த வீடு வெள்ள அபாய வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று வாங்குபவருக்குக் காட்டியே ஆக வேண்டும். இந்தியாவில் வெள்ளச் சமவெளியை மண்டலமாகப் பிரிக்கும் மாதிரி மசோதாவை மத்திய அரசு 1975இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. சட்டமாக்கியவை மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் போன்ற சில மாநிலங்கள்தான்.

ஒரு தெரு என்ன செய்யலாம்?

வரைபடம் கைக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மழைக்கு முன்பே செய்யக்கூடியவை இவை:

1. 2015இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெருவில் கேட்டு, மின்கம்பத்திலோ சுவரிலோ கோடு போட்டு வையுங்கள். அதுவும் ஒரு வரைபடம்தான்.

2. ஆற்று வெள்ளமா, வடியாத மழைநீரா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு, கிடைக்கும் நேரம் வேறு.

3. முகாமுக்குப் போகும் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். முகாம் மேட்டில் இருந்து, நடுவில் சுரங்கப்பாதை இருந்தால் அந்தப் பாதை உதவாது.

4. எந்தச் செய்தி வந்தால் கிளம்புவது என்று ஒரே ஓர் அடையாளத்தை முடிவு செய்யுங்கள்: ஏரியின் இன்ன அடி மட்டம், திறப்பின் இன்ன அளவு, ரெட் அலர்ட் என்று ஏதாவது ஒன்று. அது வந்தால் இருட்டும்முன் கிளம்பிவிட வேண்டும்.

5. தனியாக மாடி ஏற முடியாதவர் யார் யார், ஒவ்வொருவருக்கும் யார் பொறுப்பு என்று பெயர் எழுதி வையுங்கள்.

ஐந்தாவதை மாபிக்காரர்கள் கட்டடமாகவே கட்டிவிட்டார்கள். வெள்ளத்துக்குப் பிறகு முதியோர் பராமரிப்பில் இருந்தவர்கள் முன்னின்று அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை உருவாக்கினார்கள். அதன் முதல் மாடிக்குச் சக்கர நாற்காலி ஏறும்படி நீளமான சாய்தளம் போகிறது. மழை வலுக்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர்களும் அதில் ஏறிக்கொள்ளலாம்.